சோளிங்கரில் ஜெயித்தும் சோறில்லை!

சோளிங்கர் என்றதும் உங்களுக்கு நரசிம்மர் மலையும், ஏறித் தீராத படிகளும் (இப்போது ரோப் காரும்!) ஞாபகம் வரும். 1781, செப்டம்பர் 27 அன்று அந்த ஊரருகே ஹைதர் அலியும் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் மோதிக்கொண்டது ஞாபகம் வருமா? சந்தேகம்தான்.

எதிர்பாராத நேரத்தில் கூட் வந்து நின்றுவிட்டார். பீரங்கிகளுக்கு மாடு பூட்டிக் கிளப்ப ஹைதருக்கு அவகாசம் வேண்டும். அதற்காகவே குதிரைப்படையை எதிரி மேல் ஏவினார். ஹைதர் தரப்பில் ஐயாயிரம் பேர் இழப்பு, தங்கள் தரப்பில் நூறுகூடத் தாண்டவில்லை என்கிறது இங்கிலீஷ்காரர் கணக்கு. (ஜெயித்தவர் கணக்கு. கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள்!)

சரி, ஜெயித்த கூட் ஏன் ஹைதரை விரட்டிக்கொண்டு போகவில்லை? சோறு இல்லை!

இங்கே கொஞ்சம் காட்டுக்குள் போய்வருவோம். ஒரு புலி பிழைக்க ஏகப்பட்ட மான்கள் வேண்டும். மான்களுக்கு அதைவிட ஏகப்பட்ட புல். கீழே அகலம், உச்சியில் ஊசிமுனை. இந்தப் பிரமிடை 1927-ல் விளக்கியவர் சார்லஸ் எல்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. ஏன் இப்படி என்பதற்கு 1942-ல் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர் கணக்குப் போட்டார். தின்றதில் பெரும்பகுதி ஓடவும் மூச்சுவிடவுமே செலவாகிவிடுகிறது. தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு ஏறும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

படையும் ஏறக்குறைய அப்படித்தான். மேலே சிப்பாய், நடுவே குதிரையும் பொதிமாடும், அடியில் வயலும் புல்லும். அரிசி மூட்டை சுமக்கிற மாடும் வழியெல்லாம் தின்றாக வேண்டுமே!

எல்டன் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஹைதருக்கு இது தெரிந்திருந்தது. 1780-ல் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியவர், பழவேற்காட்டிலிருந்து புதுச்சேரி வரை, கடற்கரையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் ஊர்களை எரித்துப் பாழாக்கினார். கம்பெனிக்காரர்கள் இருந்த வேலூர்க் கோட்டையைச் சுற்றியும் அப்படியே ஒரு வளையம். பிரமிடின் அடிக்கல்லையே உருவிவிட்டார்!

ஆனால், உச்சியில் இருந்தவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. வங்காளத்து அரிசி கப்பலில் சென்னைக்கு வந்தது. உள்நாட்டில்தான் திண்டாட்டம். சோளிங்கரில் ஜெயித்த கூட், தானியம் தேடி வடக்கே பாளையக்காரர்கள் சீமைக்குப் போனார். பட்டினியில் கிடந்த வேலூருக்கு நவம்பரில்தான் அரிசி கொண்டுபோக முடிந்தது. 1782 ஜனவரியில் மறுபடியும் போக வேண்டியிருந்தது.

அடியில் இருந்த குடியானவனுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. பஞ்சத்தில் ஊரைவிட்டுச் சென்னைக்கு நடந்தான். 1782-ல் அங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். பிற்பாடு அதை ஒட்டி வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள்.