சுபாரு பின் டிஃபரன்ஷல்: வீட்டில் மாற்றுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

நண்பர் ஒருவர் தனது சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காருக்குப் பாவித்த டிஃபரன்ஷல் ஒன்றை வாங்கி, இரண்டு நாட்கள் காரின் கீழே படுத்துக் கிடந்து தானே பூட்டினார். போல்ட் துளைகள் எல்லாம் பொருந்தின. ஒயில் ஒழுகவில்லை. பின்னால் கேட்ட உறுமலும் நின்றுவிட்டது. ஒரு கிழமைக்குள் கியர்பொக்ஸ் சூடேறி எரிந்த நாற்றம் வந்தது. வாங்கிய டிஃபரன்ஷலில் எந்தப் பழுதும் இல்லை. விற்றவர் ஏமாற்றவும் இல்லை. காரின் விபரப் புத்தகத்தில் 3.9 என்று இருந்தது, நண்பர் 3.9 கேட்டார், 3.9 கொடுத்தார்கள். பிழை அந்த இலக்கத்தில்தான் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து வருடங்களில் இருபது வயதைத் தாண்டிய ஜப்பான் கார்களைக்கூட யாரும் கைவிடவில்லை. அவற்றுக்கான உதிரிப்பாகங்களைப் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கிறோம். பழைய காரில் இருந்து கழற்றிய பாகம், எந்தக் காரில் இருந்து கழற்றியது என்று சொல்ல ஆளில்லாத பாகம். சில்லு, கண்ணாடி என்றால் பரவாயில்லை. டிஃபரன்ஷலில் அப்படிக் குருட்டுத்தனமாக வாங்க முடியாது.

டிஃபரன்ஷல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லை விடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இது வழி விடுகிறது. பிரான்ஸ் நாட்டின் ஒனேசிஃபோர் பெக்கர் 1827இல் நீராவி வண்டிக்காக வடிவமைத்த அதே கருத்துத்தான் இன்றும் ஓடுகிறது. இரண்டாவது வேலை வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. சிறிய பினியன் பல் பெரிய வளையப் பல்லைச் சுற்றுகிறது. வளையத்தில் 39 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 3.9. பினியனில் 11 பல் என்றால் 3.545. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி, ஒரே போல்ட், ஒரே நிறம்.

ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் காலத்தில் இது பெரிய விடயமே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்கள் எல்லாம் பின் சில்லு மட்டும் இழுப்பவை. விகிதம் மாறிப் பூட்டினாலும் வேகமானி பிழை காட்டும், ஏற்றத்தில் கொஞ்சம் திணறும், அல்லது கொஞ்சம் இலகுவாக ஏறும். கார் உடையாது. அந்தக் கார்களில் தொழில் பழகிய கைகள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. அவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "பொருந்தினால் பூட்டலாம்" என்ற அந்தக் காலத்து நியாயம் நான்கு சில்லும் இழுக்கும் காருக்குச் செல்லாது.

சுபாருவில் முன் சில்லுகளுக்கான டிஃபரன்ஷல் கியர்பொக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பின் டிஃபரன்ஷல் நீண்ட புரொப்பெலர் ஷாஃப்டின் முடிவில் தொங்குகிறது. நடுவில் இன்னொரு டிஃபரன்ஷல் இரண்டையும் சமாளிக்கிறது. முன்னும் பின்னும் தரையில் ஒரே வேகத்தில் ஓடுவதால் இரண்டின் மொத்த விகிதமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இங்கேதான் நண்பர் விழுந்த குழி. சில ஐந்து கியர் பெட்டிகளில் முன்பக்கம் 3.9, பின் டிஃபரன்ஷல் 3.545. பொருந்தாதது போலத் தெரியும். ஆனால் பின்னுக்குப் பலம் பிரியும் இடத்தில் 1.1 என்ற இன்னொரு குறைப்பு இருக்கிறது. 3.545ஐ 1.1ஆல் பெருக்கினால் 3.9. அந்தக் காரில் 3.9 டிஃபரன்ஷலைப் பூட்டினால் பின்பக்க மொத்தம் 4.29 ஆகிவிடும். பத்து வீத வித்தியாசம். நேர் ரோட்டிலும் நடு டிஃபரன்ஷல் ஓயாமல் வழுக்கும், அதிலுள்ள விஸ்கஸ் கப்ளிங் கொதித்து இறுகும். அதற்குப் பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

எனவே காசு கொடுக்கும் முன் எண்ணுங்கள். டிஃபரன்ஷலை நிலத்தில் வைத்து, ஒரு பக்க வெளியீட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கம் சரியாக 20 சுற்றுச் சுற்றும்வரை முன்னால் உள்ள ஃபிளான்ஜைத் திருப்புங்கள். 39 சுற்று வந்தால் 3.9. முப்பத்தைந்தரைக்குக் கிட்ட வந்தால் 3.545. 41 சுற்றைத் தாண்டினால் 4.111. விஸ்கஸ் வகை என்றால் இறுக்கமாக இருக்கும், மெதுவாகத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகவே சுற்றுகிற எல்.எஸ்.டி. வகை என்றால் 20க்குப் பதில் 10 சுற்றுக்கு எண்ணுங்கள். இதே கணக்கை உங்கள் பழைய டிஃபரன்ஷலிலும் செய்யுங்கள். அது உடைந்து சுற்றாவிட்டால் பின் மூடியைத் திறந்து பல்லை எண்ணலாம். காரை உங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஏற்கெனவே மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கியர்பொக்ஸில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். மனுவல் பெட்டிகளில் அது டி.வை. என்று தொடங்கும். முன்பக்க விகிதமும் பின் குறைப்பும் அந்தக் குறியீட்டுக்குத்தான் கட்டுப்பட்டவை. சாதாரண டபிள்யூ.ஆர்.எக்ஸ்.இல் வருவது ஆர் 160 பெட்டி, எஸ்.டி.ஐ.இல் பெரும்பாலும் அதைவிடப் பெரிய ஆர் 180. ஆக்சில்கள் மாறுபடும் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே பூட்ட முடியாது.

சரி, போனது டிஃபரன்ஷல்தானா? இந்தக் கார்களின் பின் சில்லு பெயாரிங்கும் இதே மாதிரி உறுமும். அக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் டிஃபரன்ஷல் பக்கம் பாருங்கள். இடம் வலம் வளைக்கும்போது மாறினால் பெயாரிங். ஒயிலை வடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. வடிகால் மூடியின் காந்த முனையில் சாம்பல் நிறக் களி ஒட்டியிருப்பது வழக்கம். உலோகத் துண்டு வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. ஆர் 160இல் மொத்தமே 0.8 லீற்றர் ஒயில், ஆர் 180இல் 1 லீற்றர். சீலில் இருந்து மாதக் கணக்கில் சொட்டிய கசிவே இந்தப் பெட்டியைக் கொன்றுவிடப் போதும்.

வேலையில் உண்மையான ஆபத்து காரை உயர்த்துவதில்தான் இருக்கிறது. சீமெந்துக் கல்லின் மேல் கார் நிறுத்துவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கல் நொறுங்குமுன் எச்சரிக்காது. தென்னங்குற்றி உருளும். ஜக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. இரண்டு ஜக் ஸ்டாண்ட் இல்லாமல் கீழே போகாதீர்கள். வளவு மணல் என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் தடித்த பலகை வையுங்கள். முன் சில்லுகளுக்கு இரு புறமும் அடை கொடுங்கள். புரொப்பெலர் ஷாஃப்டைச் சுற்ற வேண்டியிருப்பதால் கியர் நியூட்ரலிலும் கைபிறேக் விடுபட்டும் இருக்கும், காரைப் பிடித்து வைப்பது அந்த அடை மட்டுமே. தனியாகச் செய்யாதீர்கள்.

ஒயிலை வடிக்கும் முன் மேலே உள்ள நிரப்பு மூடி கழலுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மூடிகளுக்கும் அரை அங்குலச் சதுர முனை போதும். வடித்த பிறகு நிரப்பு மூடி இறுகிப்போனது தெரிந்தால் புது ஒயில் விட வழியில்லை. பிறகு பின் சைலன்சர். அடுத்து புரொப்பெலர் ஷாஃப்டின் நான்கு போல்ட்கள். இரு ஃபிளான்ஜிலும் பெயின்ட் கோடு போட்டுவிட்டுக் கழற்றி, ஷாஃப்டைக் கம்பியால் மேலே கட்டுங்கள். கியர்பொக்ஸ் பக்கம் இழுத்துவிட்டால் அங்கிருந்து ஒயில் ஊற்றும். ஆக்சில்களின் உள்முனை சில மாடல்களில் ஊசியிலும் சிலவற்றில் கம்பி வளையத்திலும் நிற்கிறது. வளையம் என்றால் நெம்பினால் வரும், சீலில் படாமல் நெம்புங்கள். கீழ் இணைப்புக் கம்பியின் நீண்ட போல்ட் கரையோர உப்புக்காற்றில் புஷ்ஷுக்குள்ளேயே துருவேறி ஒட்டிக்கொள்வது வழக்கம். முதல் நாளே ஊடுருவும் ஒயிலை அடித்து வையுங்கள், ஒரு முழு நாளை அந்த ஒரு போல்ட்டே தின்றுவிடும்.

டிஃபரன்ஷலைக் கழற்றும்போது கீழே இன்னொரு ஜக் தாங்க வேண்டும். முன் தாங்கியைக் கழற்றி, பின் மூடியின் இரண்டு நட்களையும் எடுத்து, பெட்டியை முன்பக்கமாக நகர்த்தினால் போல்ட் முனைகள் புஷ்ஷை விட்டு வெளியே வரும். நெஞ்சில் தாங்கி இறக்க நினைக்க வேண்டாம். பூட்டுவது இதே ஒழுங்கின் தலைகீழ். கையில் இருக்கும்போதே பக்க ஒயில் சீல் இரண்டையும் புதிதாகப் போடுங்கள், சில்லறைச் செலவு. வளையப் பல்லையும் பினியனையும் பிரித்துச் சரிசெய்யும் வேலையை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதற்கு அளவுக் கருவியும் ஷிம்களும் வேண்டும். இறுக்கும் அளவுகளைத் திருத்தல் கைந்நூலில் பார்த்து டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

கார் மட்டமாக நிற்கும்போது நிரப்புத் துளையால் ஒழுகும்வரை 75 டபிள்யூ 90, ஜி.எல்.5 தர ஒயில் விடவேண்டும். கிளச் தட்டுள்ள எல்.எஸ்.டி. என்றால் அதற்கென்று குறிப்பிட்ட ஒயில். நான்கு டயர்களின் சுற்றளவையும் நூலால் அளந்துவிடுங்கள். வித்தியாசம் 6 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய டிஃபரன்ஷலைக் கெடுத்தவர்களும் உண்டு. பிறகு வெறும் ரோட்டில் மெதுவாக, ஸ்டியரிங்கை முழுதாக வளைத்து வட்டம் ஓடிப் பாருங்கள். கார் யாரோ பிறேக் பிடிப்பது போல இழுத்து நின்றால், அல்லது டயர் கத்தினால், அதற்கு மேல் ஒரு கிலோமீற்றரும் ஓடாமல் விகிதத்தை மறுபடி எண்ணுங்கள்.