மெயின்ஃப்ரேமில் கன்டெய்னர் கணக்கு

மெயின்ஃப்ரேமில் எந்த வேலை எவ்வளவு செயலி நேரம் எடுத்தது, எவ்வளவு நினைவகம் பிடித்தது என்று குறித்துவைக்கும் வழக்கம் பணக் கணக்கை ஒட்டி வளர்ந்தது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகள் பெரும்பாலும் மாத வாடகைக்கே ஓடின. ஒரே இயந்திரத்தைப் பல துறைகள் பகிர்ந்துகொண்டதால், வாடகையைப் பிரிக்க ஒவ்வொருவரின் பயன்பாடும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் ஓஎஸ்/360 இயங்குதளத்தில் எஸ்எம்எஃப் என்ற பதிவு வசதி வந்து சேர்ந்தது. வேலை முடிந்ததும் அதன் செலவு ஒரு பதிவாக எழுதப்படும். ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் ஓர் எண் உண்டு. அதன் வழிவந்த இன்றைய இசட்/ஓஎஸ்ஸிலும் வேலைவாரிக் கணக்கைச் சொல்வது 30ஆம் வகைப் பதிவுதான். 1970களில் வந்த ஆர்எம்எஃப், குறித்த இடைவெளிகளில் இயந்திரம் முழுவதையும் அளந்து 70 முதல் 79 வரையிலான பதிவுகளில் எழுதியது.

வேலைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே மெய்நிகர் இயந்திரம் நுழைந்தபோது அளவை சிக்கலானது. 1972இல் வந்த விஎம்/370 ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டியது. இந்த மரபில் வந்த இசட்/விஎம் மேல், 2000க்குப் பிறகு லினக்ஸ் பெருமளவில் ஓடத் தொடங்கியதும் பிழை வெளிப்பட்டது. செயலி முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது லினக்ஸ். கடிகாரத் துடிப்பு வரும்போது எந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதன் கணக்கில் அந்தத் துடிப்பு முழுவதையும் அது எழுதிவிடும். நடுவில் இசட்/விஎம் செயலியைப் பறித்து வேறொரு மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தாலும் லினக்ஸுக்குத் தெரியாது. தனக்குக் கிடைக்காத நேரத்தையும் செலவழித்ததாக அது அறிக்கை கொடுத்தது.

திருத்தம் வன்பொருளிலிருந்தே கிடைத்தது. இந்தக் கணினிகளில் மெய்நிகர் செயலி உண்மையாக ஓடும்போது மட்டும் நகரும் கடிகாரம் ஒன்று உண்டு. அதைச் சுவர்க் கடிகார நேரத்தோடு ஒப்பிட்டால், பறிபோன நேரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 2005 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 2.6.11 கெர்னலில் இது ‘ஸ்டீல்’ (steal, பறிப்பு) என்ற தனிக் கணக்காக இடம்பெற்றது. இன்று மெயின்ஃப்ரேமையே பார்த்திராத மேகக்கணிமைப் பொறியாளர்களும் இந்த எண்ணைத் தினமும் பார்க்கிறார்கள். மெயின்ஃப்ரேம் உலகம் லினக்ஸுக்குத் தந்த மிகப் பயனுள்ள கொடைகளில் இது ஒன்று.

ஒரே லினக்ஸுக்குள் நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்கான அளவுகோல் வேறு திசையிலிருந்து வந்தது. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய பணி, சிகுரூப் என்ற பெயரில் 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. ஒன்றாகக் கட்டிய நிரல்களின் செயலி நேரத்தையும் நினைவகத்தையும் அது கணக்கிடுகிறது, வரம்பும் விதிக்கிறது. 2013இல் வந்த டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் இதன் மேல் நின்றதுதான். சிஅட்வைசர் என்ற கண்காணிப்புக் கருவி, டாக்கரின் ‘ஸ்டாட்ஸ்’ கட்டளை ஆகியவை காட்டும் எண்களும் இங்கிருந்தே வருகின்றன.

2019இல் இசட்/ஓஎஸ் 2.4 உடன் இசட்சிஎக்ஸ் வந்தபோது இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்தன. இசட்/ஓஎஸ்ஸின் ஒரே முகவரி வெளிக்குள் லினக்ஸும், அதற்குள் டாக்கர் கன்டெய்னர்களும் ஓடும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து பார்க்கும் ஆர்எம்எஃப்புக்கும் 30ஆம் வகைப் பதிவுக்கும் அது பல குடித்தனங்கள் ஒரே மின்மீட்டரில் இருக்கும் வீடு: மொத்தம் தெரியும், பிரிவு தெரியாது. நினைவக எண் இன்னும் ஏமாற்றும். லினக்ஸுக்கு ஒதுக்கிய நினைவகம் நிலையாகப் பூட்டிவைக்கப்படுவதால், கன்டெய்னர்கள் சும்மா இருந்தாலும் வெளியே முழு அளவும் செலவாகவே தெரியும். உள்ளே எது எவ்வளவு எடுத்தது என்பதை சிஅட்வைசர் அளக்கிறது; அந்த அளவுகளை ப்ரோமிதியஸ் சேமிக்க, கிராஃபானா வரைந்து காட்டுகிறது. எனவே துறைகளுக்குச் செலவு பிரிப்பவர் வெளி எண்ணை மொத்தமாகவும் உள் எண்களை விகிதமாகவும் கொள்வதே நேர்மையான வழி. உள்ளே தெரியும் எண்ணை மட்டும் நம்பினால், லினக்ஸின் சொந்தச் செலவு யார் தலையிலும் விழாமல் போய்விடும்.

2020இல் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தளமான ஓப்பன்ஷிஃப்டும் மெயின்ஃப்ரேமுக்கு வந்தது. அதில் கன்டெய்னருக்குக் கீழே லினக்ஸ், அதற்குக் கீழே மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கும் இசட்/விஎம் அல்லது கேவிஎம், எல்லாவற்றுக்கும் அடியில் இயந்திரத்தைப் பிரிக்கும் தருக்கப் பிரிவு என்று அடுக்குகள் கூடின. அங்கே ஒரு கன்டெய்னர் மெதுவாக ஓடினால், அதன் சிகுரூப் எண்ணோடு ஸ்டீல் கணக்கையும் கீழடுக்கின் அளவையும் ஒரே நேரத்துக்கு எடுத்துப் பார்த்த பிறகே காரணம் பிடிபடும்.