ஒத்தி வீடு (திண்டுக்கல்)

ஒத்தி வீடு என்பது மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் வாடகைக்கும் கிரயத்துக்கும் நடுவே வழங்கும் குடியிருப்பு முறை. குடிவருபவர் வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுப்பார். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. கெடு பெரும்பாலும் மூன்று ஆண்டு. அது முடிந்ததும் தொகை முழுதும் ஒரு கையில், சாவி மறு கையில். போக்கியம் என்று வேறு ஊர்களில் சொல்வதும் இதுவே.

நிலத்தை ஒற்றி வைப்பது பழைய வழக்கம். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் விற்கும் உரிமையோடு சேர்த்தே ஒற்றி வைக்கும் உரிமையையும் சொல்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபோக அடைமானம் என ஏற்றது. தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பத்திரம் பதிவாக வேண்டும் என்றும் விதித்தது.

வயலுக்கு இருந்த வழக்கம் வீட்டுக்கும் வந்து நிலைத்ததற்குத் திண்டுக்கல்லின் தொழில்கள் நல்ல விளக்கம். 1605-இல் நாயக்கர் எழுப்பிய மலைக்கோட்டையின் அடியில் வளர்ந்த ஊர் இது. 1866-இல் நகராட்சியானது, 1875-இல் ரயில் வந்தது. பேகம்பூரும் நாகல்நகரும் ரத வீதிகளும் தோல், புகையிலை, நெசவு, பூட்டு ஆகியவற்றை நம்பி வாழ்ந்தன. இந்தத் தொழில்களில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. வேலை நடக்கும்போது சேர்த்ததையும், சீட்டு எடுத்ததையும், நகையை வைத்துப் புரட்டியதையும் ஒத்தியில் போட்டால் தொழில் படுத்த மாதத்திலும் தலைக்கு மேல் கூரை இருக்கும். வீட்டுக்காரர் பக்கத்திலும் அவசரம் உண்டு. பாகம் பிரியாத பூர்வீக வீட்டின் மேல் வங்கி எளிதில் கடன் தராது. மகள் கல்யாணத்துக்கு முன்கட்டை ஒத்திக்கு விட்டால் பணம் கிடைத்துவிடும். சம்பளச் சீட்டும் ஜாமீனும் கேட்காமல் எளியவர்களுக்கு வீடு கொடுத்த ஏற்பாடு என்ற வகையில் ஒத்திக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

1985-இல் திண்டுக்கல் மாவட்டத் தலைநகரானது; 2014-இல் மாநகராட்சியானது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்துகிறது. ஒத்தியோ பெரும்பாலும் இருபது ரூபாய் முத்திரைத்தாளிலேயே நிற்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதித்தும், லட்சங்கள் கைமாறுவது ரொக்கத்தில்தான்.

ஆபத்து இங்கேதான். வாங்கிய தொகை அப்போதே செலவாகிவிடுவதால், அடுத்து ஒத்திக்கு வருபவரின் பணத்தைக் கொண்டுதான் முந்தையவருக்குத் திருப்புகிறார்கள். அடுத்தவர் வராவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். தென்கொரியாவின் ஜோன்சே முறையும் இதே அமைப்புதான். அங்கே முன்தொகையை இழந்தவர்கள் பெருகியதால் 2023-இல் அவர்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

பதிவான ஒத்தியில் இரு தரப்புக்கும் காப்பு உண்டு. கெடு கடந்தாலும் பணம் வரும்வரை குடியிருப்பவர் வீட்டை விட வேண்டியதில்லை. முப்பது ஆண்டு கழிந்தது என்ற ஒரே காரணத்தால் உரிமையாளரின் மீட்கும் உரிமை போய்விடாதென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை. அதனால் ஒரே வீட்டை இருவருக்கு ஒத்தி வைக்கவும் முடிகிறது. வீடு ஏற்கெனவே வங்கி அடைமானத்தில் இருந்தால் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கியே அதைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அப்போது முத்திரைத்தாளோடு நிற்கும் குடும்பம், பணத்தைக் கேட்டு வீட்டுக்காரர் மேல் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான்.