‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம்: நிரலாக்கக் கருவிகளும் எழுத்தின் அலகும்

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் 5 என்றே சொல்கிறது. ஸ்விஃப்ட் 3 என்கிறது. யுடிஎஃப்-8 கோப்பில் அது 15 பைட்டுகளைப் பிடிக்கிறது. பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்றெழுத்து என்று விரல்விட்டுக் காட்டும். சொல்லை ஒலிகளாகப் பிரித்தால் த், அ, ம், இ, ழ் என மறுபடியும் ஐந்து வருகிறது. ஆனால் இந்த ஐந்தும் பைத்தானின் ஐந்தும் வேறு வேறு. பைத்தான் எண்ணுபவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை. அது எண்ணியதில் ‘அ’ என்ற ஒலிக்குத் தனியிடம் இல்லை. ஒலியே இல்லாத புள்ளிக்கு உண்டு. எண் தற்செயலாக ஒத்துப்போனதே பல ஆண்டுகள் என் கண்ணை மறைத்தது.

யூனிகோடு தமிழைச் சிதைத்துவிட்டது என்ற புகார் நம்மிடையே பழையது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தராததே குற்றம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தொல்காப்பியம் முதலெழுத்தாக எண்ணுவது முப்பதைத்தான். உயிர்மெய் இரண்டு எழுத்துகளின் கூட்டு. ஆகவே கூட்டாகச் சேமிப்பது நம் இலக்கணத்துக்கு அயலானதன்று. அயலானது கூட்டும் முறை. தொல்காப்பியருக்குப் புள்ளியோடு நிற்பதே மெய்யின் இயல்பு, அகரம் சேரும்போது அப்புள்ளி நீங்கும். இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தின் வரிசையைப் பின்பற்றிய யூனிகோடு இதைத் தலைகீழாக வைத்தது: ‘க’ அடிப்படை, அகரத்தைக் கழிக்க ஒரு புள்ளி. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்த்ததன் விளைவு இது. குறை என்றால் குறைதான். ஆனால் அன்றாடம் நிரல் எழுதுபவரை வதைப்பது இதுவன்று. குறியெண்ணையே எழுத்து என்று கருதிக்கொள்ளும் கருவிகளே.

ஒருமுறை பழைய உரைநடை நூல் ஒன்றுக்குச் சொல்லடைவு தயாரிக்கப் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். பைத்தானின் ‘ரெ’ தொகுதியில் சொல்லெழுத்தைப் பிடிக்கும் வழக்கமான குறியைப் பயன்படுத்தினேன். விடையில் ‘அம்மா’ இல்லை. ‘அம’ என்று ஒன்றும் ‘ம’ என்று ஒன்றும் இருந்தன. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என உடைந்திருந்தது. உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்து அல்ல என்று முடிவு செய்து அந்தத் தொகுதி ஒவ்வொரு குறியிலும் சொல்லை வெட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், பைத்தான் 3 தொடங்கி ‘தமிழ்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம். மொழி மறுப்பின்றி ஏற்கும். அதே சொல் எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கிறது. ‘கொ’வை ஒரே குறியாக இட்டும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே இட்டும் எழுதலாம். மாறியின் பெயரில் வந்தால் இரண்டும் ஒன்று. மேற்கோள்குறிக்குள் சரமாக வந்தால் வேறு வேறு. ஒரே மொழிக்குள் எழுத்தைப் பற்றி இரண்டு கொள்கைகள்!

சரி, குறியெண்ணை விட்டு எழுத்தை எண்ணினால் போதுமா? போதாது. ‘அவனை’ என்பதில் வேற்றுமை உருபு ‘ஐ’. நிரலிடம் இச்சொல் ‘ஐ’யில் முடிகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறது, ஏனென்றால் அங்கிருப்பது உயிரெழுத்தன்று, அதன் குறி. குறியை நீக்கினால் மிஞ்சுவது ‘அவன’. ‘அவன்’ கிடைக்கப் புள்ளியை நாமே சேர்க்க வேண்டும். எழுத்தெழுத்தாக வெட்டினாலோ ‘னை’ முழுவதும் போய் ‘அவ’ நிற்கும். கர்சரை நகர்த்த எழுத்து வேண்டும், உருபைப் பிரிக்க ஒலி வேண்டும், கோப்பில் இடம் ஒதுக்க பைட்டு வேண்டும். நீளம் என்று ஒன்று இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை.

2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து, அதற்கு மாற்றாக ஏற்ற டேஸ்16 குறியாக்கம், மெய்யை நிரையாகவும் உயிரை நிரலாகவும் அடுக்கி, உயிர்மெய்யை எளிய கணக்காலேயே பிரிக்க வழிசெய்தது. அழகான அமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதன் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. அப்பகுதியில் உள்ள எதையும் பைத்தான் எழுத்தாகவே கொள்வதில்லை. என் பத்து வரி நிரலுக்கு டேஸ்16 உரையைக் கொடுத்தால் சொல் உடையாது. ஒரு சொல்கூட அகப்படாது.

ஆகவே வேலை குறியாக்கத்தில் இல்லை, கட்டற்ற நூலகங்களில் இருக்கிறது. ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகம் ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. எழுத்துக் கொத்தை வரையறுக்கும் யூனிகோடின் 29ஆம் இணைப்பை ஸ்விஃப்ட் தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டது. பெர்ல் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே பிடிக்கிறது. பைத்தானின் பிழைப்பட்டியலில் இந்தச் சொல் வெட்டும் சிக்கல் 2011இலேயே பதிவாகிவிட்டது. அதைத் திருத்துவது சுலபமன்று: இயல்பை மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் விடை மாறும், பராமரிப்பவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. எனவே கேட்க வேண்டியது இயல்பின் மாற்றத்தை அன்று, யூனிகோடின் வரையறைப்படி நடக்கும் ஒரு தெரிவுக்கொடியை. கூடவே ‘அம்மா’, ‘அவனை’, இருவிதமாக இட்ட ‘கொ’ ஆகிய மூன்றையும் சோதனைக் கோப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும். விவாதத்தைவிடத் தோற்கும் சோதனையைப் பராமரிப்பவர் விரைவில் கவனிப்பார்.