ஒரு பெட்டிக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர்

போன மாதம் ஊருக்கு வந்த மகன், தன்னுடைய பழைய ஏழு சானல் ஆம்ப்ளிஃபையரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். என்னிடம் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். "மிச்ச சானலை வீணாக்காதீங்கப்பா, பை-ஆம்ப் பண்ணிக்குங்க, பவர் டபுளாகும்" என்றான். முப்பத்து மூன்று வருஷம் பயணப்படி பில் சரிபார்த்தவனுக்கு 'டபுள்' என்று கேட்டாலே சந்தேகம் வந்துவிடும். அதனால் ஒயரைத் தொடுவதற்கு முன் கதையைத் தோண்டினேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். ஸ்பீக்கருக்கு எங்கள் வாத்தியார் சொன்ன பெயர் 'ஓ-பார்லேர்', அதாவது உரக்கப் பேசுபவன். ஸ்டீரியோவின் ஆரம்பமும் பிரெஞ்சுக்காரரிடம்தான் இருக்கிறது என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர், ஒப்பேரா மேடையின் முன்வரிசையில் டெலிபோன் கருவிகளைப் பதித்துக் கண்காட்சி மண்டபத்துக்குக் கம்பி இழுத்தார். கேட்பவர் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக்கொண்டால், பாடகர் மேடையில் இடம் மாறுவதுகூடத் தெரிந்ததாம். அங்கே ஆம்ப்ளிஃபையரே கிடையாது.

1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் இருவரும் இன்றைய மாதிரி காகிதக் கூம்பு ஸ்பீக்கரைக் காட்டினார்கள். ஆனால் ஒரே கூம்பு மிருதங்கத்தின் தொப்பியையும் ஜால்ராவின் கணீரையும் சமமாகச் சொல்லாது. கனத்த ஒலிக்குப் பெரிய கூம்பு வேண்டும், கீச்சொலிக்குச் சின்னதும் லேசானதும் வேண்டும். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகத்தார், பிலடெல்பியாவில் வாசித்த இசையை டெலிபோன் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் மூன்று சானல்களில் ஒலிக்கவிட்டபோது, தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிக் குழல்களை வைத்திருந்தார்கள். வாஷிங்டனில் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைத்தவர் பெயர்பெற்ற இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி. சினிமாக் கொட்டகைகளும் பிறகு இந்த வழிக்கே வந்தன.

ஒலியைப் பிரிப்பது கிராஸ்ஓவரின் வேலை. எங்கள் ஆபீஸ் தபாலை வைத்துச் சொல்கிறேன். சாதாரண ஸ்பீக்கரில், ஒரு பியூன் மொத்தக் கட்டையும் கொண்டுவந்து பெட்டிக்குள் போடுவான். உள்ளே இருக்கும் குமாஸ்தா அதைப் பிரித்து வூஃபர் செக்‌ஷனுக்கும் ட்வீட்டர் செக்‌ஷனுக்கும் தருவார். மகன் சொன்ன பை-ஆம்பிங்கில் பியூன்கள் இரண்டு பேர், ஆனால் இருவரும் அதே முழுக் கட்டைத்தான் தூக்கி வருகிறார்கள். ஒவ்வொரு செக்‌ஷனும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிடுகிறது. இதில் பவர் எங்கே டபுளாகும்? போதாக்குறைக்கு, ஏழு சானலுக்கும் சோறு போடுவது ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.

உண்மையான லாபம், தபாலை அனுப்புவதற்கு முன்பே, ஆம்ப்ளிஃபையருக்கு முந்தைய இடத்தில் பிரிப்பதில் இருக்கிறது. அதற்கு ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்று பெயர். ஹியூலெட் பேக்கார்டில் வேலை பார்த்த ஜெர்மானியர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-ல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். சக ஊழியர் ரஸ் ரைலி பெயரையும் சேர்த்து அந்தப் பிரிப்பு முறையை இன்றும் லிங்க்விட்ஸ்-ரைலி என்கிறார்கள். ஒரு குமாஸ்தா தன் கூட்டாளியின் பெயரையும் ஃபைலில் ஏற்றினார் என்றால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

வீட்டுக்குள் இது வந்த வழி வேறு. 1999-ல் சினிமாவில் பின்பக்கத்துக்கென்று கூடுதல் சானல் வந்தது. வீட்டு ரிசீவர்களும் ஐந்திலிருந்து ஏழுக்குப் போயின. நம்மைப் போன்றவர் வீட்டு ஹாலில் ஏழு ஸ்பீக்கருக்கு இடமேது? சும்மா கிடந்த இரண்டு சானல்களுக்கு ஒரு வேலை கொடுக்கத்தான், மெனுவில் 'பை-ஆம்ப்' என்ற வரி சேர்ந்தது.

சரி, செலவில்லாத காரியந்தானே என்று இணைத்தேன். சுவிட்சில் கை வைக்கும் நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. ஸ்பீக்கரின் பின்னால் மேல் ஜோடி முனைகளையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் பித்தளைத் தகடுகளை நான் கழற்றவேயில்லை. அப்படியே போட்டிருந்தால் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் வெளிவாயும் ஒன்றோடொன்று முட்டியிருக்கும். மகனுடைய பொருள் என் கையால் புகைந்திருக்கலாம். செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் அந்தத் தகடுகளைக் கழற்றுங்கள், பிறகு ஒயரை எடுங்கள்.

கழற்றிவிட்டுப் போட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "இன்னிக்கு ஜால்ரா நல்லாக் கேக்குதே" என்றாள். நான் வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன், அதுவாக இருக்கலாம். ஆனால் அந்த ஜால்ரா எனக்கு வெகுநாளாகவே சரியாகக் கேட்பதில்லை. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான்கு தகடுகளும் மேஜை டிராயரில், அப்பாவின் பழைய பிரெஞ்சுக் காசுகளோடு கிடக்கின்றன.