பர்மிங்காம் சீட்டிலிருந்து ஐந்து நாள் உரிமை வரை: ஆக்லாந்தில் மோட்டார் சைக்கிள் உத்தரவாதத்தின் வரலாறு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரக் கடைகளில் மோட்டார் சைக்கிள் வாங்குபவர்களிடம், விலை பேசி முடிந்து கையெழுத்துக்குக் காகிதங்கள் எடுக்கப்படும் நேரத்தில், இன்னும் ஓர் ஒப்பந்தத்தை விற்க முயல்வது பழகிப்போன வணிக முறையாகிவிட்டது. நீட்டிப்பு உத்தரவாதம் எனப்படும் அந்த ஒப்பந்தத்தில், உற்பத்தி நிறுவனம் வண்டியோடு இலவசமாகத் தரும் உத்தரவாதக் காலம் கழிந்த பின்னும் ஓரிரு ஆண்டுகளுக்குப் பழுதுச் செலவை ஏற்பதாக, தனிக் கட்டணத்தின்பேரில், விற்பனையாளரோ ஒரு காப்பீட்டு நிறுவனமோ உறுதி கூறுகிறது. அதை வாங்கலாமா வேண்டாமா என்பது பார்வைக்குத் தனிமனிதரின் கணக்கு மட்டுமே. ஆயினும் அந்தக் கணக்கில் எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலான சட்ட வரலாறே தீர்மானித்திருக்கிறது. அந்த வரலாற்றின் முற்பகுதியில் உத்தரவாதச் சீட்டு என்பது வாங்குபவருக்கு உரிமை தருவதற்காக அல்ல, அவரிடம் இருந்த உரிமையைப் பறிப்பதற்காகவே பெரும்பாலும் எழுதப்பட்டது.

தொடக்கம் 1893ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பொருள் விற்பனைச் சட்டம். சட்டவரைவாளர் மெக்கென்சி சால்மர்ஸ் தொகுத்த அச்சட்டம் சில மாற்றங்களோடு பேரரசின் பல நாடுகளுக்கும் சென்றது: இலங்கையில் 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமாகவும், நியூசிலாந்தில் 1908ஆம் ஆண்டின் சட்டமாகவும், இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சட்டமாகவும் அதே மூலமே நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரே விழிப்போடு இருக்க வேண்டும் என்ற பழைய கோட்பாட்டை அது முற்றாகக் கைவிடவில்லை. ஆனால் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பதும், வாங்குபவர் தம் நோக்கத்தைச் சொல்லி வணிகரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால் அந்த நோக்கத்துக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும், ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் உட்பொதிந்த நிபந்தனைகள் என்று அது வகுத்தது. அவற்றோடு இரண்டு விதிவிலக்குகளையும் சேர்த்தது. ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் நோக்கத்துக்கு ஏற்றது என்ற நிபந்தனை பொருந்தாது. இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் உட்பொதிந்த நிபந்தனைகள் அனைத்தையுமே விலக்கிவிடலாம். மோட்டார் சைக்கிளைப் பெரும்பாலோர் பெயர் சொல்லிக் கேட்டே வாங்கினர் என்பதால், இந்த வண்டியைப் பொறுத்தவரை முதல் விதிவிலக்கே பாதுகாப்பின் ஒரு பகுதியைக் கரைத்துவிடக்கூடியதாக இருந்தது.

எஞ்சியதை உற்பத்தி நிறுவனங்களின் உத்தரவாதச் சீட்டு கரைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நியூசிலாந்துச் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பிஎஸ்ஏ, ட்ரையம்ப், நார்ட்டன், ஏஜேஎஸ் முதலிய பிரிட்டிஷ் வண்டிகளே முன்னணியில் இருந்தன. அவற்றில் பல பர்மிங்காமிலும் அதைச் சுற்றிய தொழில் நகரங்களிலும் செய்யப்பட்டவை. அக்காலத்துப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் வழங்கிய சீட்டின் வழக்கமான வாசகம், சட்டம் தரும் எல்லா நிபந்தனைகளுக்கும் பொறுப்புகளுக்கும் பதிலாகவே இந்த உத்தரவாதம் தரப்படுகிறது என்று தொடங்கும். பொதுவாக ஆறு மாதக் காலத்துக்குள் பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை தெரிந்தால், அந்த உறுப்பை வாங்கியவர் தம் செலவில் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். குறை தொழிற்சாலையின் தவறுதான் என்று நிறுவனமே ஆராய்ந்து முடிவுசெய்தால் மாற்று உறுப்பு கிடைக்கும். அதைக் கழற்றிப் பொருத்தும் கூலி அதில் அடங்காது. டயர், சங்கிலி, இருக்கை, மின்கருவி என வேறு நிறுவனங்கள் செய்து தந்தவையும் அடங்கா. வாடகைக்கு விட்ட வண்டிக்கும் பந்தயத்தில் ஓட்டிய வண்டிக்கும் ஒன்றுமே கிடையாது.

பர்மிங்காமில் வசித்தவருக்கே கடுமையான இந்த நிபந்தனைகள் ஆக்லாந்தில் வசித்தவருக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதைக் கப்பல் பயணத்தின் நீளம் சொல்லிவிடும். உறுப்பு போய், ஆராயப்பட்டு, மாற்று உறுப்பு திரும்பி வருவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும். நடைமுறையில் அந்தச் சீட்டு உள்ளூர் முகவரின் நல்லெண்ணத்தை நம்பியே உயிரோடு இருந்தது. 1938 டிசம்பரில் முதல் தொழிற்கட்சி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியைச் சமாளிக்க இறக்குமதி உரிம முறையைக் கொண்டுவந்தபோது நிலைமை மேலும் இறுகியது. பல பத்தாண்டுகள் நீடித்த அந்த முறையில் புதிய வண்டிகள் அளவோடுதான் நாட்டுக்குள் வந்தன. காத்திருந்து வாங்குபவருக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. 1937இல் அறிமுகமான சாலைத் தகுதிச் சான்று, அதாவது வாகனம் பாதுகாப்பாக ஓடும் நிலையில் இருக்கிறதா என்று குறித்த கால இடைவெளியில் சோதித்துத் தரும் சான்று, சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொன்னது; எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை.

மாற்றம் மெல்ல வந்தது. 1959இல் அமைந்த நுகர்வோர் மன்றம் பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. 1975ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வணிகர் சட்டம் பழைய வாகனங்களை வயதாலும் ஓடிய தூரத்தாலும் வகைப்படுத்தி, அதிகம் பழையதாகாதவற்றுக்குச் சில மாதங்கள் வரை சட்டப்படியான உத்தரவாதத்தை விதித்தது; மிகப் பழையவற்றுக்கு எதுவும் இல்லை. 1976இல் சிறு வழக்குத் தீர்ப்பாயங்களுக்கான சட்டம் வந்தது. வழக்கறிஞர் இல்லாமல் சாதாரண மனிதர் தாமே சென்று முறையிடும் இடம் உருவானது என்பதால், இந்தக் கடைசி மாற்றம் பெரும்பாலான வரலாறுகளில் பெறும் ஓரிரு வரிகளைவிட மிகப் பெரிய இடத்துக்கு உரியது.

எண்பதுகளில் நான்காம் தொழிற்கட்சி அரசு இறக்குமதித் தடைகளைத் தளர்த்திய பின் ஜப்பானிலிருந்து பயன்படுத்திய வாகனங்கள் பெருந்தொகையில் ஆக்லாந்துத் துறைமுகத்தில் இறங்கின. கிரே லின் பகுதியில் கிரேட் நார்த் சாலையோரம் வரிசையாக நின்ற வாகனக் கடைகளிலும் பிற இடங்களிலும் விலைப் போட்டி கடுமையானது. வண்டியில் கிடைக்கும் இலாபம் சுருங்கிய வணிகத்தில் கடனும் காப்பீடும் இலாபத்தின் வேறு ஊற்றுகளாயின. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1963ஆம் ஆண்டு மாதிரிகளுக்கு ஐந்து ஆண்டு அல்லது 50,000 மைல் என்று எஞ்சினுக்கும் பற்சக்கர அமைப்புக்கும் உறுதி அளித்தபோது, நீண்ட உத்தரவாதம் விற்பனைக்கான விளம்பரமாக இருந்தது. ஆக்லாந்தின் கடைகளில் அது தனியாக விலைபோகும் சரக்காயிற்று. இயந்திரப் பழுதுக் காப்பீடு என்ற பெயரிலும் அது விற்கப்பட்டது. வண்டியைத் தவணைக் கடனில் வாங்குபவருக்கு அதன் கட்டணமும் கடனோடு சேர்க்கப்பட்டதால், உத்தரவாதத்துக்கும் வட்டி கட்ட நேர்ந்தது.

இதே காலத்தில் சட்டம் வேறு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. நீதி அமைச்சருக்காக அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டேவிட் வெர்னன் 1987இல் அளித்த அறிக்கையின் தடத்தில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1977இல் இயற்றிய நுகர்பொருள் உத்தரவாதச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, நியூசிலாந்து நாடாளுமன்றம் 1993இல் நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தை நிறைவேற்றியது. 1994 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பர்மிங்காம் சீட்டின் தர்க்கத்தை இச்சட்டம் தலைகீழாகத் திருப்பியது. வணிகர் ஒருவர் நுகர்வோருக்கு விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அது பாதுகாப்பாகவும், சிறு குறைகளும் இல்லாமலும், நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும். இந்த உறுதிகளை எந்தச் சீட்டாலும் விலக்க முடியாது. நீடித்து உழைப்பதற்கு ஆண்டுக் கணக்கு எதையும் சட்டம் எழுதவில்லை. பொருளின் மறைந்திருந்த குறைகள் உட்பட அனைத்தையும் அறிந்த ஒரு நியாயமான நுகர்வோர், அதன் தன்மையையும் விலையையும் கருதி, அதை ஏற்கத்தக்கது என்று கொள்வாரா என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோல் எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு மோட்டார் சைக்கிளின் மின்னேற்ற அமைப்பு பொருத்தமான எடுத்துக்காட்டு. எஞ்சின் சுழலும்போது ஸ்டேட்டர் என்னும் கம்பிச் சுருள் தொகுதியில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. அதை நேர்திசை மின்சாரமாக்கி, மின்னழுத்தம் வரம்பு மீறாமல் காத்து, பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்ற சிறு பெட்டி. அந்தப் பெட்டி எப்போதும் சூட்டிலேயே இருப்பது. வைட்டமாட்டா, மனுக்காவ் ஆகிய இரு துறைமுகங்களுக்கு நடுவே கிடக்கும் ஆக்லாந்தின் உப்புக் காற்றில், அதன் கம்பி இணைப்பான்களின் செப்பு முனைகளில் பச்சை பூக்கிறது; மின்தடை கூடி, இணைப்பான் மேலும் சூடாகி, பிளாஸ்டிக் உறை பழுப்பேறி உருகுகிறது; முடிவில் ஸ்டேட்டரும் கருகிப்போகலாம். உற்பத்தி நிறுவனத்தின் இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்து மூன்றாம் ஆண்டில் இது நேர்ந்தால், பழைய சட்டத்தின்கீழ் செலவு முழுவதும் உரிமையாளருடையது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி முறையாகப் பராமரித்த வண்டியின் மின்னேற்ற அமைப்பு மூன்றாண்டுகூட உழைக்காதது ஏற்கத்தக்கதா என்று விற்றவரிடம் அவர் கேட்கலாம். நீட்டிப்பு உத்தரவாதம் வைத்திருப்பவரின் கேள்வியோ அந்த ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலுக்குள் நுழைகிறது: மின்பழுது அடங்கும் என்று ஒரு பக்கத்திலும், துருவும் அரிப்பும் தேய்மானமும் அடங்கா என்று இன்னொரு பக்கத்திலும் எழுதியிருந்தால், இணைப்பானில் பூத்த பச்சை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதில்தான் சச்சரவு எழும்.

சட்டம் இலவசமாகத் தந்த இந்த உரிமையை வாங்குபவர் அறியாமல் இருப்பது நீட்டிப்பு உத்தரவாதத்தை விற்பவருக்கு வசதியாக இருந்தது. ஆக்லாந்திலிருந்து இயங்கிய டூ சீப் கார்ஸ் என்ற பழைய கார் விற்பனை நிறுவனத்துக்கு, வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019இல் 4,38,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தவறான விளம்பரங்களோடு, நீட்டிப்பு உத்தரவாதம் வாங்காதவர்களிடம் கையெழுத்து வாங்கிய உத்தரவாத விலக்குப் படிவமும் அதற்குக் காரணம். அந்தப் படிவம், சட்டம் தரும் உரிமைகளே தமக்கு இல்லை என்று வாங்குபவரை எண்ணவைக்கக்கூடியதாக இருந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்களின் பழைய சீட்டு சட்டப்படியே சாதித்ததை இந்தப் படிவம் சட்டத்துக்கு மாறாகச் சாதிக்க முயன்றது.

இத்தகைய வழக்கங்களுக்கு எதிரான விதிகள் 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டச் சீர்திருத்தத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. 2014 ஜூன் 17 முதல், நியாய வணிகச் சட்டத்தின்படி, நீட்டிப்பு உத்தரவாத ஒப்பந்தம் எளிய மொழியில் எழுத்தில் இருக்க வேண்டும். நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் தருவது என்ன, இந்த ஒப்பந்தம் அதற்கு மேல் தருவது என்ன என்ற ஒப்பீட்டுச் சுருக்கம் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். பிரதி கைக்கு வந்த பிறகு ஐந்து வேலை நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. கடனைப் பற்றியும் ஏல விற்பனையைப் பற்றியும் அச்சீர்திருத்தம் பலவற்றைச் சொன்னாலும், மோட்டார் சைக்கிள் வாங்குபவருக்கு அந்த முதல் பக்கமே மிக மதிப்புள்ளது. ஏனெனில் ஒப்பந்தத்தின் உண்மையான விலையை அதைக்கொண்டு மட்டுமே எடைபோட முடியும்.

அப்படி எடைபோட்டால், புதிய வண்டியைக் கடையில் வாங்கித் தம் சொந்தப் பயணத்துக்கு ஓட்டும் ஒருவருக்கு நீட்டிப்பு உத்தரவாதம் கூடுதலாகத் தருவது பெரும்பாலும் வேகத்தையும் வாதிடாமல் தீரும் வசதியையும் மட்டுமே. அந்த வசதிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் குறித்த இடைவெளியில் அங்கீகரித்த பட்டறையில் சர்வீஸ் செய்த முத்திரை விடுபட்டாலோ, புகைபோக்கியை மாற்றியிருந்தாலோ அதுவும் மறுக்கப்படலாம்; ஒவ்வொரு கோரிக்கைக்கும் உச்சவரம்பும் உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கும் இருக்கலாம். உற்பத்தி நாடு தொலைவில் இருக்கிறதே என்ற பழைய அச்சத்துக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் விடை தந்திருக்கிறது. வெளிநாட்டு உற்பத்தி நிறுவனத்துக்கு நியூசிலாந்தில் வணிக இடம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரே அல்லது விநியோகிப்பவரே உற்பத்தியாளராகக் கருதப்படுவார். ஆகவே, 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வழியில் வந்து இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு வண்டியை ஆக்லாந்தில் வாங்கும் தமிழர், விற்ற கடை மூடப்பட்டாலும் முறையிட ஆளின்றி நிற்க வேண்டியதில்லை. கடையோ இறக்குமதியாளரோ மறுத்தால், தகராறுத் தீர்ப்பாயம் இருக்கிறது. வணிகரிடம் வாங்கிய வண்டியைப் பற்றிய முறையீட்டை, 1 லட்சம் டாலர் வரை, தொழில்நுட்ப மதிப்பீட்டாளரின் துணையோடு விசாரிக்கும் மோட்டார் வாகனத் தகராறுத் தீர்ப்பாயமும் இருக்கிறது.

கணக்கு மாறும் இடங்களும் உண்டு. தனிநபரிடம் நேரடியாக வாங்கிய வண்டிக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தொழிலுக்காக வாங்குபவரோடு விற்பவர், நியாயமானதாக இருக்கும் பட்சத்தில், எழுத்து மூலம் அச்சட்டத்தை விலக்கிக்கொள்ளலாம். எனவே உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்க வண்டி வாங்கும் இளைஞர் ஒருவர், தாம் கையெழுத்திடும் விற்பனை ஒப்பந்தத்தில் அப்படியொரு பிரிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால், சட்டம் கைவிட்ட அந்த இடத்தில் நீட்டிப்பு உத்தரவாதம் ஒன்றே அவருக்குத் துணையாகலாம். ஆனால் வணிகப் பயன்பாட்டையும் விலக்கும் ஒப்பந்தங்கள் பல உள்ளன. 1930களின் பிரிட்டிஷ் சீட்டில் வாடகை வண்டிக்கு மறுக்கப்பட்ட பாதுகாப்பு, அந்த இளைஞருக்கு வேறொரு பிரிவின் எண்ணில் மறுபடியும் மறுக்கப்படுகிறது.