கண்டிச் சீமைக்குப் போனவர் யார்?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களுக்கு, வேலை தேடிப் போனவர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. "இங்க பொழைக்க வக்கத்தவன்தான் கண்டிக்குப் போனான்" என்பது ஒன்று. மேலூர்ப் பக்கத்தில் பிறந்த எங்கள் அப்பத்தா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "தெராணி உள்ளவன் போனான், மத்தவன் இங்கேயே கெடந்து மாஞ்சான்" என்பாள். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் இந்த வழக்கை நான் மனதில் வைத்திருந்தேன்.

1951இல் ஏ.டி. ராய் என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரை ஒன்றை வகுப்பில் நடத்துவேன். முயல் வேட்டை, மீன்பிடிப்பு என இரண்டே தொழில் உள்ள ஊரைக் கற்பனை செய்திருப்பார். அவரவர் தமக்கு வரும்படி கூடுதலாகக் கிடைக்கும் தொழிலுக்குப் போவதால், இரண்டு தொழில்களின் வருமானத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்து எது நல்ல தொழில் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சுயதேர்வு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். போனவரையும் இருந்தவரையும் யாரும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை.

1830களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பி பருவ வேலை. ஆடி, ஆவணியில் போனவர் பழம் பறித்து முடித்து, தை மாதத்து நெல் அறுப்புக்கு ஊர் திரும்பலாம். ராமநாதபுரம் கரையில் தோணியேறி மன்னாரில் இறங்கினால், மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் காட்டு வழி. காலராவும் காய்ச்சலும் அந்த வழி நெடுக ஆட்களை வாரிக்கொண்டு போயின. ஆகவே போனவர்களில் பெரும்பாலோர் உடல்வலு உள்ள ஆண்கள். தாது வருடப் பஞ்சம் (1876–78) வந்தபோது இந்தக் கணக்கெல்லாம் உடைந்தது. அப்போது பசி துரத்திக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, 1880களில் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும்; பெண்கள் வேண்டும். பயிர் மாறியதும் போகிற ஆளும் மாறினார். தைக்குத் திரும்பும் வழக்கமும் அத்தோடு தேய்ந்தது.

ராயின் கற்பனை ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி இல்லை. நம் ஊரில் இருந்தார். தோட்டத்துத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வருவார். சொந்தம், சாதி பார்த்து ஆள் சேர்ப்பார். அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு நிற்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. 1843இன் சட்டம் அடிமை முறையைச் செல்லாது என்றாலும், பண்ணையாளைக் கடன் கட்டிப்போட்டிருந்தது. கங்காணி அந்தக் கடனை அடைத்து மீட்டார். மீண்டவர் கங்காணிக்குக் கடனாளியானார். அந்தக் கடன் 'துண்டு' எனப்பட்ட சீட்டில் ஏறியது. அதை அடைக்கும் தோட்டத்துக்குத்தான் அவர் மாறிப் போக முடியும். துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

தலைக்காசை நம்பியிருக்கும் கங்காணி நோஞ்சானுக்காகக் கடன் அடைப்பாரா? மாட்டார். நிலமும் நெல்லும் உள்ளவர் அவர் பின்னால் போவாரா? அவரும் மாட்டார். ஆக, கழுத்தளவு கடனும் உழைக்கும் உடம்பும் சேர்ந்த ஆள்தான் புறப்பட்டார். வக்கற்றவர் என்று ஊர் சொன்னவரும் திராணி உள்ளவர் என்று அப்பத்தா சொன்னவரும் ஒரே ஆள்தான் என்பது என் முடிவு. இதில் 'சுய'தேர்வு பாதிதான். மீதிப் பாதியைத் தேர்ந்தது கங்காணியின் கண்.

ஊரில் கண்டிப் பணத்தில் வாங்கிய வயலையும் கட்டிய மச்சு வீட்டையும் காட்டிப் பெருமை பேசுவோர் உண்டு. அவை திரும்பி வந்தவர்களின் சொத்து. அவர்களிலும் கங்காணிகளே அதிகம். மன்னார்க் காட்டில் விழுந்தவருக்கும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே முடிந்தவருக்கும் ஊரில் காட்ட எதுவுமில்லை. இதை விட்டுவிட்டு, 'போனவன் பிழைத்தான்' என்று எழுதும் ஊர் வரலாறு பொய் வரலாறு.

1939இல் இந்திய அரசு கூலியாட்கள் இலங்கை செல்வதைத் தடுத்தது. இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது அவர்களை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் துண்டுச் சீட்டோ தோட்டத்துப் பற்றுச்சீட்டோ கிடந்தால், பழைய காகிதம் என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். யார் போனார், எவ்வளவு கடனோடு போனார் என்பதற்கு அதுதான் சாட்சி.